தொண்டைக் குழியிலிருந்து விரல் நுனிவரை

கியூடோ என்னும் ஜப்பானிய வில்வித்தைக் கூடத்தில் புதிதாகச் சேருகிறவரின் பலத்தை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. கையை நீட்டச் சொல்லி அளவெடுக்கிறார்கள். தலையை நேராக வைத்து, இடது கையைத் தோள் உயரத்தில் பக்கவாட்டில் நீட்டினால், தொண்டைக் குழியின் நடுவிலிருந்து நடுவிரல் நுனிவரை எத்தனை செ.மீ. வருகிறதோ அதற்கு யாஸுகா என்று பெயர். நாணை நீங்கள் எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்பதற்கான உங்கள் சொந்த அளவு அது. எந்த நீளத்தில் அம்பு, எந்த நீளத்தில் வில், காலை எவ்வளவு அகட்டி நிற்பது எல்லாமே அந்த ஒரு எண்ணிலிருந்துதான் கிளம்புகின்றன.

எனக்குப் பிழைப்பே அளவெடுப்பதுதான். நகோயாவுக்கு அருகே வாகன உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தேன். வெப்பநிலை 20 டிகிரியைத் தாண்டாத அறை, கிரானைட் மேஜை, மைக்ரோமீட்டர், டயல் கேஜ். ஒரே பாகத்தை மூன்று பேர் அளந்தால் மூன்று பேருக்கும் ஒரே எண் வர வேண்டும். வராவிட்டால் கோளாறு ஆளிடமா கருவியிடமா என்று கண்டுபிடிக்காமல் வீட்டுக்குப் போக முடியாது. அந்தப் புத்தியோடுதான் நகராட்சி விளையாட்டுக் கூடத்தில் ஆரம்பநிலை வகுப்புக்குப் போய் நின்றேன். ஜப்பானில் இப்படி நகராட்சி நடத்தும் வில் கூடங்கள் பல ஊர்களில் உண்டு. கட்டணமும் கையைக் கடிக்காது.

எங்கள் சென்செய், அதாவது ஆசிரியை, எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி. செ.மீ. கோடு போட்ட மூங்கில் கழி ஒன்றை வைத்திருந்தார். அதன் ஒரு முனையை என் தொண்டையில் வைத்து, மறுமுனையை விரலோடு சேர்த்துப் பார்த்து, "89" என்றார். பிறகு என் இடது தோள்பட்டையில் இரண்டு விரலை வைத்து லேசாக அழுத்தினார். தோள் தூக்கிக்கொண்டிருந்தது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. "இப்போது 88." கொஞ்சம் பொறுத்து, "மூச்சை விடுங்கள்" என்றார். விட்டேன். 87க்கும் 88க்கும் நடுவில் எங்கோ நின்றது.

எந்த எண்ணை எழுதிக்கொள்வது என்று கேட்டேன். தொழில் புத்தி. "88 என்று எழுதுங்கள். நாளைக்கு மாறினால் மாறட்டும். அம்பு எப்படியும் இதைவிட நீளமாகத்தான் இருக்கப் போகிறது" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். அளவெடுத்த எண் மாறினால் மாறட்டும் என்று சொன்ன ஒருவரை நான் அதற்குமுன் சந்தித்ததில்லை.

தரங்கம்பாடிக்கு வடக்கே, எங்கள் பக்கத்துக் கடற்கரையில், தண்ணீரின் ஆழத்தைப் பாகத்தில் சொல்வார்கள். இரண்டு கையையும் விரித்தால் விரல் நுனிக்கும் விரல் நுனிக்கும் இடையே உள்ள நீளம் ஒரு பாகம். கயிற்றைக் கடலில் விட்டு, கைக்குக் கை விரித்து இழுத்தபடியே எண்ணுவார்கள். யாஸுகா ஏறக்குறைய அரைப் பாகம். நெட்டையான ஆளின் பாகமும் குட்டையான ஆளின் பாகமும் ஒன்றல்ல என்று கடலுக்குப் போகிற எல்லோருக்கும் தெரியும். அதனால் யாருக்கும் எந்தக் குழப்பமும் வந்ததில்லை, அளந்தவர் யார் என்பதையும் சேர்த்துத்தான் அந்த எண்ணைக் கேட்பார்கள். கிரானைட் மேஜையில் அது மறந்துபோயிருந்தது.

யாஸுகா 88 என்றால் அம்பு 88 அல்ல. ஆரம்பக்காரர்களுக்குப் பத்து செ.மீ. கூட்டிக் கொடுப்பார்கள், தேர்ந்தவர்கள்கூட ஐந்து செ.மீ.யாவது மிச்சம் வைப்பார்கள். எனக்கு 98. வில்லின் நீளமும் இதையொட்டித்தான் வரும். யுமி என்னும் ஜப்பானிய வில்லின் வழக்கமான நீளம் 221 செ.மீ., அதை நமிசுன் என்பார்கள். அம்பு 90 செ.மீ.யைத் தாண்டினால் 227 செ.மீ. உள்ள நோபி. அதையும் தாண்டிய ஆறடிக்காரர்களுக்கு 233. பிடிப்பது நடுவில் அல்ல, கீழிருந்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உயரத்தில். முதன்முதலில் நிமிர்த்திப் பிடித்தபோது வில்லின் மேல்முனை என் தலைக்கு மேல் எங்கோ இருந்தது.

தொழிற்சாலையில் பிரேசிலிலிருந்து வந்த சகா ஒருவன் இருந்தான். அவன் மேற்கத்திய பாணியில், மரத்தில் செய்த பழைய மாதிரி வில் வைத்து எய்கிறவன். அவன் வில்லில் 45 என்று ஓர் எண், பக்கத்தில் 28 என்று ஓர் எண். 28 அங்குலம் இழுத்தால் 45 பவுண்டு பலம் கேட்கும் என்று அர்த்தம். அங்கே நாண் உதட்டோரத்துக்கோ தாடைக்கோ வந்து நின்றுவிடும். 28 அங்குலம் என்றால் 71 செ.மீ. சொச்சம். கியூடோவில் நாண் காதைக் கடந்து பின்னால் போக வேண்டும், வலது முட்டி தோளருகே வந்து நிற்க வேண்டும். ஒரே உயரமுள்ள இரண்டு ஆட்களில் அவன் 71 இழுத்தால் நான் 88 இழுக்க வேண்டியிருக்கிறது. அவர்கள் இரண்டு கையையும் விரித்து, முழு நீளத்தை இரண்டரையால் வகுத்து இழுப்பு நீளத்தைக் கணக்கிடுகிறார்கள், இவர்கள் தொண்டையிலிருந்து அளக்கிறார்கள். அவன் கணக்கை இங்கே கொண்டுவந்தாலும் சரி, என் கணக்கை அங்கே கொண்டுபோனாலும் சரி, இரண்டும் தப்பாகத்தான் முடியும். வில்லைச் சொல்லாமல் இழுப்பு நீளத்தை மட்டும் சொல்வதில் பயனில்லை.

முதல் சில வாரங்களுக்கு வில்லே கிடையாது. ஒரு கட்டையில் ரப்பர் பட்டை கட்டிய பயிற்சிக் கருவிதான். அதற்கும் முன்னால் கால். சென்செய் ஓர் அம்பைத் தரையில் கிடத்தி, "இதன் அளவுக்குக் காலை வையுங்கள்" என்பார். இரு கால்களின் கட்டைவிரல்களுக்கு இடையே யாஸுகா அளவு இடைவெளி, பாதங்கள் அறுபது டிகிரி கோணத்தில் விரிந்திருக்க வேண்டும், கட்டைவிரல் நுனிகள் இரண்டும் இலக்கின் நடுவோடு ஒரே கோட்டில் வர வேண்டும். கை நீளத்தைக் காலுக்கு எதற்குக் கொண்டுபோகிறார்கள் என்று அப்போது தோன்றியது. வில்லை இழுக்க ஆரம்பித்த பிறகு புரிந்தது. அடி குறுகலாக இருந்தால் முழுதாக விரியும்போது உடம்பு ஆடுகிறது, அகலமாக இருந்தால் இடுப்பு பூட்டிக்கொள்கிறது.

பிறகு மகிவாரா. வைக்கோலை இறுக்கிக் கட்டிய உருளை, ஒரு வில் நீளத் தொலைவில் இருக்கும். குறி தப்பவே முடியாத தூரம். குறி பார்க்கிற கவலை இல்லாமல் இழுப்பை மட்டும் கவனிக்கத்தான் இந்த ஏற்பாடு.

இங்கேதான் என் 88 சந்தி சிரித்தது. சென்செய் என் அம்பில், நாண் பொருந்தும் முனையிலிருந்து 88 செ.மீ. அளந்து, சிவப்பு வினைல் டேப்பை ஒரு சுற்று ஒட்டினார். கத்தரியால் டேப்பின் விளிம்பைச் சீராக வெட்டி, நகத்தால் தேய்த்து மட்டப்படுத்தினார். முழுதாக இழுத்தால் அந்தச் சிவப்பு, வில்லின் விளிம்புக்கு வந்து நிற்க வேண்டும். என் முதுகுக்குப் பின்னால் இடப்பக்கமாக நின்று பார்த்தார். என் மனசுக்கு நான் முழுதாகத்தான் இழுத்திருந்தேன். கை நடுங்கியது, மூச்சு முட்டியது. "இன்னும் வெளியே இருக்கிறது" என்றார். எவ்வளவு என்று கேட்க வாய் வரவில்லை. எய்து முடித்த பிறகு நான்கு விரலைச் சேர்த்துக் காட்டினார். நான்கு விரல் என்றால் எப்படியும் ஏழு செ.மீ. தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் ஏழு செ.மீ. பிழையோடு ஒரு பாகம் வந்தால் அதைப் பாகம் என்றே சொல்ல மாட்டோம்.

கழி பொய் சொல்லவில்லை, உடம்பும் பொய் சொல்லவில்லை. வெறுங்கையை நீட்டும்போது இருக்கும் நீளம், வில்லின் பன்னிரண்டு கிலோ பலம் எதிர்த்து நிற்கும்போது இருப்பதில்லை. இடது முழங்கை தன்னையறியாமல் மடங்குகிறது. இடது தோள் காதை நோக்கி ஏறுகிறது. வலது கை, மணிக்கட்டைச் சுருட்டிக்கொண்டு இழுக்கப் பார்க்கிறது, முழங்கையோ பின்னால் போகாமல் பக்கவாட்டில் தொங்குகிறது. ஒவ்வொன்றிலும் ஒன்றிரண்டு செ.மீ. போய்விடும். கூட்டிப் பார்த்தால் நான்கு விரல்.

சென்செய் "இழுங்கள்" என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. வில்லைத் தலைக்கு மேலே தூக்கி, அங்கிருந்து இறக்கிக்கொண்டே இரண்டு பக்கமும் விரியச் சொல்வார். வலது முழங்கையின் வெளிப்புறத்தில் ஒரு விரலை வைத்து, "இந்த இடத்தை என் விரல்மேல் தள்ளுங்கள்" என்பார். கையை மறந்துவிட்டு முழங்கையைத் தள்ளினால் சிவப்பு டேப் உள்ளே நகர்ந்தது. அம்பு கன்ன எலும்புக்குக் கீழே வந்து உரசியது. நாண் மார்பைத் தொட்டது. இந்த இரண்டு தொடுகையும் வந்தால்தான் இழுப்பு முழுமை என்று கணக்கு. டேப் என் கண்ணுக்குத் தெரியாது என்பதால், எனக்கான அளவுகோல் அந்தக் கன்னமும் மார்பும்தான்.

ஓர் இலையுதிர் காலம் போய்க் குளிர்காலம் வந்தபோது சிவப்பு டேப் வில்லின் விளிம்புக்கு வந்து, பிறகு அதையும் தாண்டி உள்ளே போனது. சென்செய் டேப்பை உரித்துவிட்டு 91இல் புதிதாக ஒட்டினார். என் எலும்பு வளரவில்லை. தோள்கள் இறங்கி, முதுகின் இரண்டு பக்கமும் விரியத் தெரிந்துகொண்டதும் நெஞ்சுக்கூடு கொடுத்த மூன்று செ.மீ. அது. அம்பில் பத்து செ.மீ. மிச்சம் ஏன் வைத்தார்கள் என்பதற்கு இது ஒரு விளக்கம். இன்னொரு விளக்கத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை, கண்ணெதிரே நடந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மேல்நிலைப் பள்ளிப் பையன்கள் சிலர் எங்களோடு பயிற்சிக்கு வருவார்கள். அங்கே பள்ளிகளில் கியூடோ சங்கம் இருப்பது சாதாரணம். அவர்களில் ஒருவன், ஏப்ரலில் பள்ளியில் சேர்ந்தபோது வாங்கிய அம்புகளையே அடுத்த வருடக் கோடையிலும் வைத்திருந்தான். அந்த வயசுப் பையன் ஒரு வருடத்தில் எவ்வளவு வளர்வான் என்று அவன் அம்மாவுக்குத் தெரியும், செருப்பு வாங்கியே அலுத்திருப்பார். அம்பை யாரும் நினைக்கவில்லை. அன்றைக்கு அவன் நன்றாகவே விரித்தான். அம்பின் இரும்பு முனை நகர்ந்து நகர்ந்து வில்லின் விளிம்புக்கு வந்து, அதையும் தாண்டி உள்ளே போக இருந்தது.

ஜப்பானிய வில்லில் அம்பு தங்குவது இடது கட்டைவிரலின் மேல். வேறு தாங்கல் எதுவும் கிடையாது. முனை வில்லின் உட்புறத்துக்கு வந்துவிட்டால் அம்பு கட்டைவிரலை விட்டு நழுவும். அந்த நிலையில் நாணை விட்டால் அம்பு போக வழியில்லை. வில்லின் வயிற்றிலோ, இடது கையிலோ போய் முட்டும். அலுமினியக் கலவை அம்பென்றால் மடங்கி ஒடியும், கார்பன் அம்பென்றால் ஊசி ஊசியாகச் சிதறும்.

சென்செய் கத்தவில்லை. கத்தினால் பையன் திடுக்கிட்டு விட்டுவிடுவான். பேச்சுக் குரலில், "மோதோஷிதே" என்றார். அப்படியே திருப்பிக் கொண்டுவா என்று பொருள். பையன் இழுத்த வழியிலேயே கையைத் திரும்பக் கொண்டுவந்தான். நாண் தளரும்வரை கூடத்தில் யாரும் அசையவில்லை. அவன் வில்லைக் கீழே வைத்ததும் சென்செய் கழியை எடுத்துவந்து, அவனை மட்டுமல்ல, அன்று வந்திருந்த எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து அளந்தார். எழுபது வயதுப் பெரியவர்களையும் விடவில்லை. வயதானால் கூன் விழுந்து அளவு குறையும், குறைந்ததும் தெரிய வேண்டும் என்றார். பையனுக்குக் கூடத்து அலமாரியிலிருந்து நீளமான அம்புகளை எடுத்துக் கொடுத்தார். பழைய ஆறு அம்புகளையும் அவன் பையில் போடவிடாமல், அடுத்த வருடம் சேரும் குட்டையான யாருக்காவது ஆகும் என்று வாங்கி வைத்துக்கொண்டார்.

அப்படியானால் எல்லோருக்கும் 120 செ.மீ. அம்பு கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததே என்று வில் கடைக்காரரிடம் கேட்டேன். சொந்த அம்பு வாங்கப் போயிருந்தபோது. அவர் சிரித்துவிட்டு, ஒரு நீள அம்பை இரு முனைகளில் தாங்கவைத்து நடுவில் விரலால் அழுத்திக் காட்டினார். பிறகு குட்டை அம்பு ஒன்றை. விளக்கம் தேவைப்படவில்லை. நாண் விடுபடும்போது அம்பு வளைந்து நெளிந்துதான் கிளம்பும். நீளம் கூடக்கூட வளைவும் கூடும், எடையும் கூடும், 28 மீட்டர் தள்ளியிருக்கும் 36 செ.மீ. இலக்குக்கு முன்னாலேயே தலை தொங்கிவிடும். பத்திரத்துக்கு வேண்டிய மிச்சத்துக்கு மேல் ஒரு விரல்கூட வேண்டாம் என்பது அவர் கட்சி.

அம்புக் குழாயில் 1913 என்று அச்சிட்டிருந்தது. வருடம் என்று நினைத்தேன். வெளி விட்டம் அங்குலத்தில் 64இல் 19 பங்கு, குழாய்ச் சுவரின் தடிமன் ஆயிரத்தில் 13 பங்கு. அந்த ஒரு விளக்கத்தில் எனக்குக் கடையே சொந்தமாகிவிட்டது. பழுத்த கடைக்காரர், என் கையிலிருந்த 98 என்ற சீட்டை நம்பாமல் தானே ஒரு தடவை அளந்து பார்த்துக்கொண்டுதான் வெட்டுக் கருவியில் வைத்தார். வில்லின் மேல் எழுதியிருக்கும் கிலோவைப் பற்றியும் எச்சரித்தார். நமிசுன் வில்லின் பலத்தை 85 செ.மீ. இழுப்பில் அளக்கிறார்கள், நோபியை 90இல். 80தான் இழுக்கிறவர் நமிசுன்னில் பன்னிரண்டு கிலோ வில்லை வாங்கினால், அவர் கைக்கு ஏறக்குறைய ஒரு கிலோ குறைவாகத்தான் வரும். தன் இழுப்பு தெரியாமல் கிலோவைப் பற்றிப் பெருமை பேசுகிறவர்களைப் பார்த்தால் அவருக்குப் பொறுக்காது. எனக்கும் இப்போது பொறுப்பதில்லை.

செ.மீ. வருவதற்கு முன் அம்பின் நீளத்தை முட்டியால் எண்ணினார்கள். அம்பை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டே போனால் எத்தனை முட்டி, மிச்சத்துக்கு எத்தனை விரல். ஹெய்கே போர்க்கதையில், யாஷிமா கடலில் படகின் மேல் கட்டிய விசிறியை எய்து வீழ்த்திய நாசு நோ யோயிச்சி சிறிய உடம்புக்காரன், ஆனாலும் அவன் அம்பு பன்னிரண்டு முட்டி மூன்று விரல். அதே 1185ஆம் ஆண்டு தன்-நோ-உரா கடற்போரில் எதிரியின் அம்பு ஒன்று தளபதி யோஷிட்சுனேயின் படகில் வந்து தைக்கிறது, முடிந்தால் இதைத் திருப்பி எய்யுங்கள் என்று சவால். அவர் பக்கத்து வில்லாளி அசாரி நோ யோயிச்சி அந்த அம்பைக் கையில் வாங்கி வளைத்துப் பார்த்து, தண்டு பலவீனம், நீளமும் போதாது என்று ஒதுக்கிவிட்டு, தன்னுடைய பதினைந்து முட்டி அம்பை எடுத்து எய்து எதிரியை வீழ்த்துகிறான். அவன் வீரத்தைவிட எனக்குப் பிடித்தது, அவ்வளவு அமளியிலும் அடுத்தவன் அம்பு தன் இழுப்புக்குக் காணாது என்று பார்த்தானே, அதுதான். வீட்டுக்கு வந்து என் அம்பை முட்டியால் அளந்தேன். பன்னிரண்டு முட்டியும் ஒரு கொசுறும் வந்தது. அவனவன் முட்டி அவனவனுக்கு என்பதால் இதை வைத்து நாசு நோ யோயிச்சியோடு என்னைச் சேர்த்துக்கொள்ள வழியில்லை.

வெளிநாட்டுக்காரர்கள் பலர் கியூடோவுக்கு வருவது ஆய்கன் ஹெரிகல் 1948இல் வெளியிட்ட ஜென்னும் வில்லும் பற்றிய புத்தகத்தைப் படித்துவிட்டு. நானும் படித்துவிட்டுத்தான் போனேன். ஜென்னுக்கும் வில்லுக்கும் அவர் போட்ட முடிச்சை ஜப்பானிய ஆய்வாளர் யமதா ஷோஜி பின்னாளில் அவிழ்த்துக் காட்டியிருக்கிறார். ஆய்வு ஒருபக்கம் கிடக்கட்டும், எங்கள் கூடத்தில் ஜென் என்ற சொல்லை நான் கேட்டதே இல்லை. முழங்கை, தோள்பட்டை, செ.மீ. இவ்வளவுதான் பேச்சு. தத்துவம் எதிர்பார்த்து வந்த சிலர் ஒரு மாதத்தில் நின்றுவிட்டார்கள். வில் உங்களை எதுவாகவும் ஆக்கும் என்று சென்செய் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. அம்பை நீளமாக வைத்துக்கொள்ளச் சொன்னார்.

என் மனைவி சேர்ந்தபோது அவளை அளக்கும் வேலையை சென்செய் என்னிடம் விட்டார். 78 வந்தது. "என்னங்க, டெய்லர் மாதிரி பிடிக்கறீங்க, தோள்ல கை வைங்க" என்று அவளே சொல்லிக் கொடுத்தாள். பரதம் ஆடிப் பழகிய தோள், முதலிலேயே இறங்கித்தான் இருந்தது. அளவும் அதற்குப் பிறகு அவ்வளவாக மாறவில்லை, ஒரு செ.மீ. கூடியதோடு சரி. எனக்கு ஒரு குளிர்காலம் பிடித்த விஷயம் அவளுக்கு முதல் நாளே கையில் இருந்தது. அம்பு 88, வில் நமிசுன். அவள் என்னைவிட அதிகம் இலக்கில் தைப்பாள் என்பதையும் இங்கே எழுதிவைக்கச் சொல்லியிருக்கிறாள்.

ஊருக்குத் திரும்பிய பிறகு, இணையத்தில் வில் வாங்கப் போவதாகச் சொல்லி நண்பர்களின் பிள்ளைகள் சிலர் என்னிடம் வருகிறார்கள். எத்தனை பவுண்டு வாங்கலாம் என்பதுதான் முதல் கேள்வி. எந்த வகை வில் என்று நான் திருப்பிக் கேட்கிறேன். அந்த வில்லுக்குரிய முறையில் அளவெடுக்கச் சொல்கிறேன். தானே அளக்காமல் இன்னொருவரைக் கூப்பிடுங்கள், டேப்பைப் பார்க்கத் தலையைக் குனிந்தாலே ஒன்றிரண்டு செ.மீ. போய்விடும். அளக்கிறவர் தோளை அழுத்திப் பார்க்கட்டும். அம்பை அந்த எண்ணுக்கு வெட்டிவிடாதீர்கள், கியூடோ என்றால் பத்து செ.மீ. மிச்சம் விடுங்கள், மற்ற வில் என்றால் கற்றுக்கொடுப்பவர் சொல்லும் மிச்சத்தை விடுங்கள். வளர்கிற பிள்ளை என்றால் பள்ளி திறக்கும்போது ஒரு தடவை, அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் ஒரு தடவை மறுபடி அளந்துவிடுங்கள்.